ஆலைக் கொட்டகைக் கணக்குக்கு டைப்ஸ்ட்

ஜேடர்பாளையம் பக்கத்து ஆலைக் கொட்டகைகளிலிருந்து பிலிக்கல்பாளையம் சந்தைக்குப் போகும் வெல்லத்துக்குச் சிப்பம்தான் கணக்கு. ஒரு சிப்பம் 30 கிலோ. உருண்டை எத்தனை, அச்சு எத்தனை, அன்றைய ஏல விலை என்ன என்பது நோட்டில் இருந்தால் போதும். பங்காளிக்கோ வங்கிக்கோ அச்சுத் தாளாகக் கொடுக்க வேண்டி வரும்போதுதான் தொல்லை. வீட்டில் வேர்டில் அடித்ததை ஜெராக்ஸ் கடைக் கணினியில் திறந்தால் அந்த எழுத்துரு அங்கே இருக்காது. கட்டங்கள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும்.

இதற்குத்தான் டைப்ஸ்ட் என்ற இணையக் கருவியை எடுத்துக்கொண்டேன். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த லாரன்ஸ் மேடே, மார்ட்டின் ஹவ்க் இருவரும் உருவாக்கி 2023 மார்ச்சில் பொதுவில் திறந்துவிட்டது. டொனால்ட் நூத்தின் டெக், லெஸ்லி லாம்போர்ட்டின் லாடெக் ஆகியவற்றின் வழியில் வந்ததுதான். ஆனால் கற்றுக்கொள்ள அவ்வளவு பாடில்லை. இடப்பக்கம் வெறும் எழுத்தாக அடித்தால் வலப்பக்கம் அச்சுத்தாள் உடனே தெரிகிறது. வரியின் தொடக்கத்தில் = போட்டால் தலைப்பு, - போட்டால் பட்டியல், சொல்லின் இருபுறமும் * போட்டால் தடித்த எழுத்து. தாள் அளவைச் சொல்லாமல் விட்டாலும் ஏ4 தான்.

எனக்குப் பிடித்துப்போனது கூட்டல் பெருக்கல். விலை 1300, சிப்பம் 40 என்று மேலே ஒருமுறை குறித்துவிட்டு, வேண்டிய இடத்தில் #(விலை * சிப்பம்) என்று எழுதினால் தாளில் 52000 என்று விழுகிறது. பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். விலையை மாற்றினால் அதைச் சார்ந்த தொகையெல்லாம் தானாக மாறும். போனில் வைத்திருக்கும் விரிதாளைச் சிஎஸ்வி கோப்பாக ஏற்றினால் அதிலிருந்தே அட்டவணை போடலாம். குறை, 52,000 என்று காற்புள்ளி தானாக வராது. லட்சக் கணக்கில் புழங்குகிறவர்களுக்கு இது உறுத்தும்.

தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறது. கொம்பும் புள்ளியும் இடம் மாறவில்லை. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருக் கோப்பை நாமே ஏற்றி, பெயரைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது. இறக்கும் பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே எழுத்துரு பதிந்துவிடுவதால் எந்தக் கடையில் திறந்தாலும் அதே தாள்தான். ஆனால் உள்ளே போவது யூனிகோடாக இருக்க வேண்டும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. இன்னும் வானவில்லிலும் பாமினியிலும் கோப்பு வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கட்டளைச் சொற்களும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. போனில் வேலை செய்வது சிரமம்: தமிழ் விசைப்பலகைக்கும் #, அடைப்புக்குறி உள்ள பலகைக்கும் மாறி மாறி ஓட வேண்டியிருக்கிறது. மடிக்கணினி இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

தமிழில் முழுப் புத்தகம் போடுகிறவர்களுக்கு லாடெக்கையே சொல்வேன். நீளமான தமிழ்ச் சொல்லை வரிக் கடைசியில் எங்கே உடைக்கலாம் என்பதற்கான விதிகள் அதில் உண்டு. சந்தோஷ் தோட்டிங்கல் எழுதியவை. இணையத்தில் அதற்கு ஓவர்லீஃப் இருக்கிறது. அங்கே முதல் வேலையாக இயக்கியை ஸீலாடெக்குக்கு மாற்றிவிடுங்கள்; இயல்பாக வரும் பிடிஎஃப்லாடெக் யூனிகோடு தமிழுக்கு ஆகாது. கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டுமே வேண்டாம், அச்சகத்துக்கே போய்விடுங்கள்.

வெல்லக் கணக்கு, ராஜவாய்க்கால் பாசனக் கூட்ட அறிவிப்பு, கோயில் வரவு செலவு போன்றவற்றுக்கு டைப்ஸ்ட் தாராளமாகப் போதும். இலவசக் கணக்கிலேயே இவ்வளவும் முடியும்.