விட வேண்டிய பந்தை விடுபவர்

தைவானின் கீலுங் நகரில் மூடிய கூரையுடன் ஒரு நீண்ட நடைமேம்பாலம். மேலே வரிசையாகக் குழல்விளக்குகள், நீலம் பாய்ந்த வெளிச்சம். கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி நடிகை ஷு சி நடந்து போகிறார். கையில் சிகரெட். கூந்தல் தோளில் புரள, அவ்வப்போது திரும்பிப் பார்க்கிறார். காட்சியின் வேகம் குறைக்கப்பட்டிருப்பதால் அவருடைய நடை மிதக்கிறது. கூடவே வரும் டெக்னோ தாளமோ துள்ளுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. 2001இல் வந்த 'மில்லேனியம் மாம்போ' படத்தின் இந்தத் தொடக்கக் காட்சியில் கதை என்று ஒன்றும் நகரவில்லை. ஆனாலும் படம் முடிந்த பிறகு பலருக்கும் மனதில் தங்குவது இதுதான். இசையமைத்தவர் லிம் கியோங்.

இந்தக் காட்சியை ஓர் இசையமைப்பாளரின் ஆட்டமாகப் பார்த்தால், அவர் என்ன செய்தார் என்பதைவிட என்னவெல்லாம் செய்யாமல் விட்டார் என்பதுதான் முதலில் கண்ணில் படும். ஷு சி நடிக்கும் பெண் தன் கதையைப் பத்தாண்டு கழித்து, வேறு யாரோ ஒருத்தியின் கதைபோலப் படர்க்கையில் சொல்கிறாள். சோகத்துக்கு ஒரு வயலினை இழுத்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லிம் அதைத் தொடவில்லை. அவளுடைய இரவுகள் எந்த டெக்னோ கிளப்புகளில் கழிகின்றனவோ, அந்தக் கிளப்பின் ஓசையையே எடுத்துப் பாலத்தில் வைத்துவிட்டார். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையை உயர்த்தி விட்டுவிடும் தொடக்க ஆட்டக்காரரைப் பார்த்திருப்போம். ஸ்கோர் பலகையில் அதற்கு ஓர் ஓட்டம்கூடக் கிடையாது. லிம்மின் முப்பதாண்டு சினிமா வாழ்க்கையை அப்படி விடப்பட்ட பந்துகளை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இத்தனைக்கும் அவர் ஆடத் தொடங்கியது நேர்மாறான பாணியில். 1964இல் சாங்ஹுவாவில் பிறந்த அவர், 1990இல் ஒரே பாடலில் தீவு முழுக்கத் தெரிந்த முகமானார். ஊரைவிட்டு ரயிலேறித் தலைநகர் தைபேயில் வந்திறங்கும் இளைஞன் ஒருவனின் துள்ளலான ராக் பாட்டு அது. பாடியது தைவானிய ஹொக்கியன் மொழியில். 38 ஆண்டு ராணுவச் சட்டம் 1987இல்தான் விலக்கப்பட்டிருந்தது. அதுவரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மாண்டரினுக்கே முதலிடம். ஹொக்கியன் பாட்டு என்றால் குடிகாரனின் புலம்பல், பிரிவாற்றாமை, வயதானவர்கள் கேட்பது என்றொரு எண்ணம் படிந்திருந்தது. அந்த மொழியில் ஓர் இளைஞன் குதித்து ஓடியதும் ஒரு தலைமுறை அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

1992இல் இரண்டாவது தொகுப்பு. 1994இல் மூன்றாவதைக் கொண்டுவந்தபோது பழைய சூத்திரத்தை அவரே உடைத்துப் போட்டார். கரடுமுரடான ஒலி, எளிதில் முணுமுணுக்க முடியாத மெட்டுகள். தொகுப்பு விற்கவில்லை. இந்த இடத்தில் வழக்கமான நட்சத்திரம் நான்காவது தொகுப்பில் ரசிகர்களிடம் சமாதானம் பேசத் திரும்பியிருப்பார். லிம் பாப் பாடகர் என்ற அடையாளத்தையே அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

நடந்து சேர்ந்த இடம் இயக்குநர் ஹோ சியாவ் சியென். அங்கே அவர் ஏற்கெனவே நடிகராக நுழைந்திருந்தார். 'தி பப்பட்மாஸ்டர்' (1993) படத்தில் பொம்மலாட்டக் கலைஞர் லீ தியென் லூவின் இளமைப் பருவ வேடத்தில் அவர் நடித்தார். 1995இல் 'குட் மென், குட் விமன்'. நடிப்பில் அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஹோவின் நீண்ட ஷாட்களுக்குள் மணிக்கணக்காக நின்று பழகியவருக்கு, அந்த ஷாட்களுக்கு எவ்வளவு ஓசை தாங்கும் என்பது உடம்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். வேறு எந்தப் பின்னணி இசையமைப்பாளருக்கும் வாய்க்காத பயிற்சி இது.

அதன் பலன் 1996இல் 'குட்பை சவுத், குட்பை' படத்தில் தெரிந்தது. அதில் அவர் சின்னச் சின்ன ரவுடித்தனம் செய்யும் ஒரு தறுதலை இளைஞனாக நடித்தார், இசையும் அவரே. மலைப்பாதை ஒன்றில் மோட்டார் சைக்கிள்கள் வளைந்து வளைந்து ஏறும் காட்சி நிமிடக்கணக்கில் நீள்கிறது. வசனம் இல்லை, திருப்பம் இல்லை. பொறுமையைச் சோதிக்கக்கூடிய இந்த நீளத்தை லிம்மின் இரைச்சலான கிட்டார் சுமந்து செல்கிறது. இலக்கில்லாமல் வேகமாகப் போவதன் சுகமும் அதன் வெறுமையும் ஒரே சத்தத்தில் கேட்கின்றன. தைபேயில் வழங்கப்படும் கோல்டன் ஹார்ஸ் விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த திரைப்பாடல் விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது.

அடுத்த கட்டம் நீரிணைக்கு அந்தப் பக்கம். சீன இயக்குநர் ஜியா ஜாங்கே 'தி வேர்ல்ட்' (2004) படத்துக்கு அவரை அழைத்தார். உலக அதிசயங்களின் மாதிரிகளை நிறுத்தி வைத்திருக்கும் பெய்ஜிங் கேளிக்கைப் பூங்காவில் வேலை பார்க்கும் இளைஞர்களின் கதை. அவர்களுடைய செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் திரை அனிமேஷனாக மாறும். லிம்மின் மின்னணு ஓசை அங்கே விரியும். அடுத்து 'ஸ்டில் லைஃப்' (2006), வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற படம். மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக மூழ்கப்போகும் ஃபெங்ஜியே நகரைத் தொழிலாளர்கள் சுத்தியலால் இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். படமெங்கும் அந்த அடிதான் தாளம். லிம் அதோடு போட்டி போடவில்லை. சுத்தியல் சத்தத்துக்கு மேலே, ஏதோ வேற்றுக் கிரகத்திலிருந்து வருவதுபோல மெல்லிய மின்னணு முனகலைப் படரவிட்டார். ஒரு கட்டடம் ராக்கெட்போலக் கிளம்பிப் போகும் அந்தப் படத்தின் விசித்திரம் நம்மை உறுத்தாததற்கு, நம் காதை அவர் முன்கூட்டியே தயார்செய்து வைத்திருப்பது ஒரு காரணம்.

ஜியாவின் படங்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. உணர்ச்சியின் உச்சத்தை ஜியா பெரும்பாலும் பழைய பாப் பாடல்களிடம் கொடுத்துவிடுவார். 'ஆஷ் இஸ் ப்யூரஸ்ட் ஒயிட்' (2018) படத்தில் சாலி யே பாடிய பழைய ஹாங்காங் சினிமாப் பாட்டுக்கு அந்த இடம். லிம்முக்கு மிஞ்சுவது இரண்டு பாடல்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம். ஒரு காலத்தில் ஒரு தீவையே பாடவைத்தவர், பாட்டுக்கான இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்து இடைவெளியைக் காப்பதில் திருப்தி அடைகிறார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அவருடைய ஆட்டத்தின் உச்சம் எது என்று கேட்டால் ஹோவின் 'தி அசாசின்' (2015) என்பேன். ஒன்பதாம் நூற்றாண்டுத் தாங் வம்சக் காலக் கதை, வாள்வீச்சுப் பெண் கொலையாளி, பட்டுத் திரைச்சீலைகள், பனி மூடிய மலை. வேறு கையில் சிக்கியிருந்தால் நூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா முழங்கியிருக்கும். இங்கே அரண்மனைக் காட்சிகளில் தூரத்தில் எங்கோ ஒரு முரசு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. பூச்சிகள், காற்று, துணி உரசல். முரசு லிம்முடைய இசையா, ஒலிப்பதிவு மேதை தூ தூ சியின் ஒலியமைப்பா என்று பிரிக்கவே முடியாது. பிரிக்க முடியாமல் வைத்திருப்பதில்தான் வேலை இருக்கிறது. சண்டைகள் தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடுகின்றன. யார் வென்றார் என்று இசை வந்து அறிவிப்பதில்லை, முகங்களைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பிரமாண்டத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். அது நியாயமான ஏமாற்றம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கொலையாளி நியே யின்னியாங் கடமையை உதறிவிட்டுப் புல்வெளியில் நடந்து போகும் கடைசிக் காட்சியில் திடீரென்று இசை பொங்குகிறது. பிரான்ஸின் பிரிட்டனி வட்டாரத்துக் குழல்களும் செனகல் நாட்டு முரசுகளும் சேர்ந்த, ஏற்கெனவே பதிவாகியிருந்த ஓர் இசைத்துண்டு அது. லிம் எழுதியதல்ல. படத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். ஆனால் முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் இசை அடக்கிவைக்கப்பட்டிருக்காவிட்டால், அந்தப் பெருக்கு வெறும் சத்தமாகவே இருந்திருக்கும். கான் விழாவையொட்டி வழங்கப்படும் சிறந்த இசைக்கான விருது அந்த ஆண்டு லிம்முக்குக் கிடைத்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

எல்லா இன்னிங்ஸும் இந்தத் தரத்தில் இல்லை. பி கான் இயக்கிய 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' (2018) படத்தில் இன்னொருவருடன் சேர்ந்து அவர் அமைத்த இசை, படம் ஏற்கெனவே கனவில் இருக்கும்போது அதன் மேல் இன்னொரு கனவைப் போர்த்துகிறது. ஜியாவின் 'எ டச் ஆஃப் சின்' (2013) இன்னொரு கோல்டன் ஹார்ஸ் வாங்கித் தந்தது. ஆனால் அதில் மேடைக்கூத்துக் காட்சிகள் செய்யும் வேலையைவிடப் பின்னணி இசை செய்யும் வேலை குறைவுதான்.

மேடைக்கு வந்தால் கதை வேறு. கிளவுட் கேட் நடனக் குழுவின் இளைய பிரிவுக்காக செங் சுங் லுங் 2016இல் அமைத்த '13 டங்ஸ்' படைப்பில், தைபேயின் பழைய பகுதியான வான்ஹுவாவின் தெருவும் கோயிலும் இரைச்சலோடு உயிர்பெறுகின்றன. கைமணி ஒலியில் தொடங்கி, தாவோயிச மந்திர உச்சரிப்பு, மதுக்கூடப் பாட்டு, மின்னணுத் தாளம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. சினிமாவில் அடக்கிவைத்ததையெல்லாம் லிம் இங்கே கொட்டியிருக்கிறார். நான்கு ஆண்டு கழித்து அதே நடன அமைப்பாளருடன் 'சவுண்டிங் லைட்'. அதில் பெரும்பகுதி ஓசையை நடனக் கலைஞர்களே எழுப்புகிறார்கள். கால் தட்டல், விரல் சொடுக்கு, பூச்சி, பறவைக் குரல். இசை என்று பெயர் போட்டவர் மீண்டும் ஒதுங்கி நிற்கிறார்.

அல்சைமர் நோயால் ஹோ சியாவ் சியென் திரைப்பணியிலிருந்து விலகிவிட்டதை அவருடைய குடும்பத்தினர் 2023இல் அறிவித்தார்கள். கால் நூற்றாண்டுக் கூட்டணி முடிந்தது. மிச்சமிருக்கும் பெரிய கூட்டாளி ஜியா. அவருடைய 'காட் பை தி டைட்ஸ்' (2024), 2001 முதல் எடுத்துவைத்திருந்த பழைய காட்சிகளையும் புதியவற்றையும் கோத்து உருவான படம். நாயகி ஜாவ் தாவ் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்தைத் தாங்க வேண்டிய சுமை இசையின் மேல் விழுகிறது. லிம் வழக்கத்தைவிட அதிகமாக வாசிக்கிறார். சில இடங்களில் அது துண்டுகளை அழகாகத் தைக்கிறது. வேறு சில இடங்களில், ஜாவ் தாவின் முகம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை இசை இன்னொரு முறை சொல்கிறது. இருபது ஆண்டு முன்பு இதே முகத்துக்கு முன்னால் அவர் சும்மா இருந்திருப்பார்.