நாட்குறிப்பும் நமது விமர்சனமும்

நாட்குறிப்பு எழுதுவது ஓய்வும் வசதியும் படைத்தோரின் பழக்கம் என்ற எண்ணம் முற்போக்கு இலக்கிய வட்டாரங்களிலே நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கின்றது. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டிருப்பவன் சமுதாயத்துக்கு முதுகைக் காட்டுகிறான் என்றும், அவனுடைய இன்பமும் துன்பமும் அவன் மேசை லாச்சிக்குள் கிடக்கவேண்டியவை என்றும், இலக்கியத்துக்கு உரியது பொதுவாழ்வு ஒன்றே என்றும் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். இக்கூற்றிலே உண்மை இல்லாமலில்லை. ‘அகவுலகம்’ என்ற பெயரிலே அயல்வீட்டின் கண்ணீரைக் காணாதிருக்கப் பழகிக்கொண்டவர்கள் தமிழிலும் உளர். எனினும், ஒரு சிலர் ஒரு வடிவத்தைத் தவறாகக் கையாண்டனர் என்பதற்காக அவ்வடிவத்தையே அவர்களுக்கு உறுதி முடித்துக் கொடுத்துவிடுவது எவ்வகையில் அறிவுடைமையாகும்?

மறுபுறத்திலே ஒரு புதிய வாணிபம் கிளம்பியிருக்கின்றது. பளபளக்கும் மட்டை, ஓரமெல்லாம் பூவேலை, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இன்று உன்னை மகிழ்வித்தவை யாவை என்பது போன்றதொரு வினா. இத்தகைய குறிப்பேடுகள் இப்போது புத்தகக் கடைகளிலே வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. எழுதினால் மனம் இலேசாகும், கற்பனை ஊறும், அன்றாட வாழ்வு இனிக்கும் என்று அவை வாக்களிக்கின்றன. அந்த வாக்குறுதி முற்றிலும் பொய்யன்று. ஆனால், அரிசி விலை ஏறியதை எழுதுவதற்கு அப்பக்கங்களிலே இடம் விடப்படவில்லை. மகிழ்ச்சியை மாத்திரம் எழுது என்கிறது கடை. பசியை மாத்திரம் எழுது என்கிறோம் நாம். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு கட்டளைகளும் எழுதுகின்ற மனிதரை இரண்டாகப் பிளப்பதில் ஒத்துப்போகின்றன.

இவ்விரண்டையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற கல்லொன்று பிரேசில் நாட்டிலே கிடைக்கின்றது. கரோலினா மரியா டி ஜெசுஸ் என்ற கறுப்பினப் பெண் எழுதிய நாட்குறிப்பே அது. 1914இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலுள்ள சாக்ரமென்டோ என்னும் சிற்றூரிலே அடிமைகளின் வழித்தோன்றலாகப் பிறந்தவர் அவர். பிரேசிலிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இலேதான் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவர் பாடசாலைக்குச் சென்றது இரண்டு ஆண்டுகள். பின்னர் சாவோ பாவுலோ நகரத்துக்கு வந்து, வீட்டுவேலை செய்து, 1940களின் பிற்பகுதியில் தியேத்தே ஆற்றங்கரையிலிருந்த கனின்டே என்னும் சேரியிலே, தாமே சேகரித்த பலகைகளைக் கொண்டு குடிசை அமைத்துக்கொண்டார். தந்தையர் துணையின்றி வளர்ந்த மூன்று பிள்ளைகள். தெருத்தெருவாகக் கடதாசியும் பழைய இரும்பும் பொறுக்கி விற்பது தொழில். பொறுக்கியவற்றிலே எழுதப்படாத தாள்களுள்ள கொப்பிகள் அகப்பட்டால் அவற்றை விற்கமாட்டார். அவற்றிலேயே எழுதினார்.

1958இல் அவுடாலியோ தாந்தாஸ் என்ற பத்திரிகை நிருபர் அச்சேரிக்குச் செய்தி சேகரிக்கச் சென்றார். பிள்ளைகளுக்கென அமைக்கப்பட்ட ஊஞ்சல்களை வளர்ந்த ஆடவர் கைப்பற்றிக்கொண்டு ஆட, உங்கள் பெயர்களை என் புத்தகத்திலே எழுதிவிடுவேன் என்று ஒரு பெண் அவர்களை மிரட்டுவதைக் கேட்டார். எந்தப் புத்தகம் என்று விசாரித்ததன் விளைவாகக் கொப்பிகள் வெளிவந்தன. பத்திரிகையிலே பகுதிகள் அச்சாகி, 1960இல் நூல் வெளியாயிற்று. முதற்பதிப்பின் பத்தாயிரம் பிரதிகள் சில நாட்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. போர்த்துக்கேய மொழியிலே அந்நூலின் பெயர், வீட்டிலே வேண்டாத தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டுவைக்கும் அறையைக் குறிப்பது. சேரி நகரத்தின் தட்டுமுட்டு அறை என்ற அவரது கருத்தே தலைப்பாயிற்று. டேவிட் சென். கிளெயர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1962இலே வந்தது. மூலமொழி அறியாத நானும் அதன் வழியாகவே அவரை வாசித்தேன்.

இந்நூலைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனைப் பசியின் ஆவணமாகவே கொண்டனர். அது பசியின் ஆவணந்தான். அவரை எழுத வைத்ததும் பசியே என்று பலர் முடிவு கட்டியதையே என்னால் ஏற்க இயலவில்லை. நூலின் முதல் நாள் 1955 யூலை 15. அன்று மகள் வேராவின் பிறந்தநாள். சோடிச் சப்பாத்து வாங்கிக் கொடுக்க ஆசை, கையிலே காசில்லை. குப்பையிலே அகப்பட்ட ஒரு சோடியைக் கழுவித் தைத்து அவளுக்கு அணியக் கொடுக்கிறார். இதனைச் சமூகவியலாளர் வறுமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வர். ஆனால் பிறந்தநாள் என்பதைக் குறித்து வைத்த மனம், பழைய சப்பாத்தைக் கழுவிய கை, இவை எதற்குச் சான்று?

தொடர்ந்து வாசிப்போர் ஒன்றைக் கவனிப்பர். காலையிலே தண்ணீர்க் குழாயடிக்குச் செல்லும்போது வானத்தின் நிறத்தைக் குறிக்கிறார். இரவிலே வானொலியிற் கேட்ட இசையைக் குறிக்கிறார். அவரை கொதிக்கும் பானையின் ஓசைகூட ஒரு நிகழ்ச்சியாகின்றது. தாம் தேவதையாகி நட்சத்திரங்களைக் கையிலெடுத்து விளையாடியதாகக் கண்ட கனவொன்றை எழுதுகிறார். எழுதிக்கொண்டிருக்கும் வேளையிலே தாம் பொன்மாளிகையொன்றிலே வாழ்வதாகத் தோன்றுகிறது என்றும் ஓரிடத்திலே சொல்கிறார். இவற்றுக்கு அருகிலேயே, சில வேளைகளிலே அதே பத்தியிலேயே, அன்று பொறுக்கிய கடதாசிக்குக் கிடைத்த குருசேரோ எத்தனை, பாண் விலை எவ்வளவு, எண்ணெய் விலை எவ்வளவு என்ற கணக்கு வருகின்றது. கனவு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அடிமை ஒழிப்பின் ஆண்டுநிறைவான மே 13ஆம் நாள், 1958இல், மழையினால் தொழிலுக்குப் போக இயலாது பிள்ளைகளின் பசியோடு போராடிவிட்டு, இன்றைய அடிமைத்தனம் பசியே என்று எழுதிய அதே கைதான் நட்சத்திரங்களைப் பற்றியும் எழுதியது.

பசிக்கு நிறம் கண்டவர் அவர். உண்ணாதிருக்கையில் வானம், மரம், பறவை யாவும் மஞ்சளாகத் தெரிந்தன என்றும், உண்டபின் அவை தத்தம் நிறத்துக்கு மீண்டன என்றும் எழுதுகிறார். வறுமையை எழுத முனைந்த நம்முடைய சிறுகதைகளை நினைத்துப் பாருங்கள். ‘வயிறு ஒட்டிய’, ‘பஞ்சடைந்த கண்கள்’ என்ற தேய்ந்த தொடர்களைத் தாண்டி எத்தனை கதைகள் சென்றிருக்கின்றன? உண்பதற்கு முன்னும் பின்னும் வானத்தை அண்ணாந்து பார்த்த ஒருவராற்றான் அந்த மஞ்சளைக் கண்டிருக்க முடியும். வானத்தைக் கண்டு மகிழத் தெரிந்திராவிடின் அதன் நிறம் திரிந்ததும் அவருக்குத் தெரிந்திராது. ஆகவே அவரது மகிழ்ச்சி அவரது கண்டனத்துக்கு முரணானதன்று. கண்டனத்தின் கூர்மையே அம்மகிழ்ச்சியிலிருந்து வருவது.

இக்கூர்மை ஒரு நாளிலே வந்ததுமன்று. நாள்தோறும் எழுதும் பழக்கம் கண்ணைப் பயிற்றுகின்றது. நாளை எழுதவேண்டியிருக்கிறது என்று அறிந்தவர் இன்று கவனிக்கிறார். தம்மை மணக்க விரும்பிய ஒருவரைப் பற்றி எழுதும்போது, நள்ளிரவிலே எழுந்து எழுதுகின்ற, தலையணையின் கீழ்ப் பென்சிலும் கடதாசியும் வைத்துறங்குகின்ற பெண்ணை எந்த ஆண் விரும்புவான் என்று அவர் கேட்கிறார். தனித்திருப்பதையே தெரிந்துகொள்கிறார். ஓய்வுடையோரின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிய செயலுக்கு ஒருத்தி கொடுத்த விலை இது. அமெரிக்காவிலுள்ள ரீடர்ஸ் டைஜஸ்ட்டுக்கு அனுப்பிய பிரதிகள் திரும்பி வந்தபோது அவர் அடைந்த வேதனையும் நூலிலே பதிவாகியுள்ளது. இழுப்பறைக்காக எழுதியவர் தபாலுக்குக் காசு செலவழிப்பாரா?

குறைகள் இல்லாத நூலன்று. சேரியிலுள்ள மற்றோரைப் பற்றி அவர் எழுதுவதிலே இரக்கத்தைவிட ஏளனம் மிகுந்த இடங்கள் பல. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியோரைப் பற்றிய தீர்ப்புகள் கொடியவை. எழுதத் தெரிந்த தாம் எழுதத் தெரியாதவர்களிலும் உயர்ந்தவர் என்ற செருக்கு அவரிடம் உண்டு. வர்க்க ஒற்றுமையை எதிர்பார்த்து இந்நூலைத் திறப்போர் ஏமாறுவர். ஆயினும் அந்த ஏமாற்றம் பயனுள்ளது. ஒடுக்கப்பட்டவர் நமது சூத்திரங்களுக்கு இசையப் பேசவேண்டுமென்று கருதுவோமானால் அவர்களுடைய குரலை அன்றி நமது எதிரொலியையே கேட்போம். நூலை எழுதியவர் தாந்தாஸ்தான், கரோலினா அல்லர் என்ற குற்றச்சாட்டும் அந்நாளிலே கிளம்பியது. மனுவெல் பன்டெய்ரா என்ற பெருங்கவிஞர் இத்தகைய எழுத்தை வேறொருவர் புனைந்திருக்க முடியாதென்று அவருக்காக வாதாடினார்.

தாந்தாஸ் எழுதவில்லை, ஆனால் வெட்டினார். திரும்பத் திரும்ப வருவனவற்றை நீக்கியதாக அவரே கூறியுள்ளார். 1990களில் ரொபர்ட் லெவின், ஜோசே கார்லோஸ் செபே போம் மெயி என்னும் இரு வரலாற்றாசிரியர்கள் மூலக் கொப்பிகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, அச்சான நூலிலே தோன்றுபவரிலும் விரிந்த சிந்தனையும் கவித்துவ நாட்டமும் உடைய ஒருவர் வெளிப்பட்டார். நல்லெண்ணம் கொண்ட பதிப்பாசிரியரும் தம்மையறியாமலே ‘ஆவண’த்தின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று கருதுகின்றேன். நூல் தந்த பணத்தினாற் கல்வீடொன்றை வாங்கிய கரோலினா, அவ்வாழ்வைப் பற்றி 1961இல் இரண்டாவது நாட்குறிப்பை வெளியிட்டார். அதனை வாங்குவோர் அதிகமில்லை. அதே ஆண்டிலே தாமே இயற்றிய பாடல்களைத் தாமே பாடி இசைத்தட்டொன்றும் வெளியிட்டார். பின்னர் நாவலொன்றைத் தம் செலவிலே அச்சிட்டார். உலகம் அவரிடம் பசியைக் கேட்டது. பாட்டும் நாவலும் கேட்கவில்லை. நகரின் எல்லையிலுள்ள பரெல்யெய்ரோசிலே, பெரும்பாலோரால் மறக்கப்பட்டு, 1977இல் அவர் மறைந்தார்.

இவை பிரேசிலுக்கு உரியவை, நமக்கென்ன என்று கேட்கலாம். தமிழ் மரபிலே தன்னைத் தான் எழுதுவதற்கு ஒரு தயக்கம் நெடுங்காலமாக உண்டு. அகத்திணையிலே தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று விதித்தது தொல்காப்பியம். உணர்ச்சி எவருக்கும் பொதுவானதாதல் வேண்டும் என்ற அவ்விதியின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயரும் தேதியும் இடப்பட்ட வாழ்வுக்கு வேறோர் இடம் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலே பிரெஞ்சுக் கும்பனியின் தலைமைத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பிலே அவ்விடம் திறந்தது. கப்பல் வந்ததும், சரக்கு விலையும், துய்ப்ளேக்சின் கோபமும், ஊர் வம்பும் அன்றைய பேச்சுத் தமிழிலே அதில் ஓடுகின்றன. வரலாற்றாசிரியர் அதனைச் சான்றாகப் போற்றினர். உரைநடையாகப் போற்றியோர் சிலரே. அவர் செல்வர், கரோலினா குப்பை பொறுக்கியவர். இருவரையும் ஒரு தட்டிலே வைக்க நான் துணியேன். ஆயினும், விலைவாசியை எழுதும் வரியும் வாழ்வை எழுதும் வரியும் ஒன்றே என்பதை அத்துபாஷியும் அறிந்திருந்தார்.

நமது பாடசாலைகளிலே நடப்பதோ நேர்மாறானது. ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவர்க்குத் ‘தன்வரலாறு கூறல்’ என்றொரு கட்டுரைவகை உண்டு. யாருடைய வரலாறு? குடை தன் வரலாற்றைக் கூறும், நாணயம் கூறும், பழைய பேருந்து கூறும். எழுதுகின்ற பிள்ளை கூறமாட்டாது. நெய்தல் நிலத்துச் சிறுவன் ‘தென்றல் தவழும் மாஞ்சோலை’யிலே தன் மாலைப்பொழுதைக் கழிப்பதாக எழுதுவான், தந்தையின் வலையைப் பற்றி எழுதினால் புள்ளி குறையும் என்பது அவனுக்குத் தெரியும். மரபுத்தொடருக்கும் பழமொழிக்கும் புள்ளியிடுகின்ற திட்டத்திலே, கண்டதற்குப் புள்ளி இல்லை. இவ்வாறு ஆறேழு ஆண்டுகள் பயின்றவன் பின்னர் எழுத்தாளனாகும்போது வறுமையையும் அதே மாஞ்சோலைத் தமிழிலே எழுதுகிறான். யதார்த்தமில்லை என்று நாம் அவனைக் கடிந்துகொள்கிறோம்.

நான் கற்பிக்கும் வகுப்பிலே சிலர் இரண்டு தவணைகளாகத் தனிக் கொப்பியொன்றிலே நாள்தோறும் சில வரிகள் எழுதி வருகின்றனர். அதற்குப் புள்ளியில்லை. காட்ட விரும்பினால் மாத்திரம் காட்டலாம். முதற் கிழமைகளிலே எல்லோரும் ‘காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்’ என்றே எழுதினர்; இதனை மறைப்பதற்கில்லை. வெங்காயத் தோட்டத்திலே கூலிக்குச் செல்லும் தாயையுடைய மாணவியொருத்தி, அம்மாவின் விரல்களிலே இரவிலும் தங்கியிருக்கும் மணத்தையும், அன்றைய கூலியில் அரைநாள் வெட்டப்பட்டதையும், விடியற்காலையிலே வேலியிலிருந்து கூவிய செண்பகத்தையும் மூன்று வரிகளிலே எழுதியிருந்தாள். அதில் ஒரு பழமொழியும் இல்லை. சக ஆசிரியரொருவர் அதனை வாசித்துவிட்டு, செண்பகம் எதற்கு, கூலி வெட்டை மட்டும் விரித்து எழுதினால் நல்லதொரு கதையாகுமே என்றார். அவர் நல்ல வாசகர், தொழிலாளர் போராட்டங்களிலே உண்மையான அக்கறையுள்ளவர். வேறொருவர், இதனாற் பரீட்சையில் என்ன பயன் என்று கேட்டார். செண்பகத்தை நீக்கும்படி நான் அவளிடம் சொல்லவில்லை. பரீட்சைத் தாளிலே அவள் எதனை எழுதப்போகின்றாள் என்பது வருகிற மார்கழியிலே தெரியும்.