வடாலாவில் தண்ணீர், கொழும்பில் இடி

கடை ஓரிடம், கிடங்கு வேறிடம் என்று தொழில் நடத்துகிறவர்களுக்கு இரண்டு இடத்துக் கணக்கும் ஒன்றாக ஓட ஒரு கம்பி வேண்டியிருந்தது. வடாலாவில் அலுவலகமும் ஆன்டாப் ஹில் பக்கம் கிடங்கும் வைத்திருந்த கிளியரிங் ஏஜெண்டுக்கும், புறக்கோட்டையில் கடையும் களனி கங்கைக்கு அப்பால் பேலியகொடையில் பண்டகசாலையும் வைத்திருந்த கொழும்பு வணிகருக்கும் 1990-களில் தேவை ஒன்றுதான். கிடைத்ததும் ஏறக்குறைய ஒன்றுதான்: வாடகைக்குச் செம்புக் கம்பி ஜோடி, இரு முனையிலும் ஒரு மோடம், பெரும்பாலும் விநாடிக்கு 64 கிலோபிட் வேகம். டயல் செய்ய வேண்டாம். இரவும் பகலும் திறந்திருக்கும். வேறு யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

ஆனால் கம்பி கடையிலிருந்து நேரே கிடங்குக்குப் போவதில்லை. கட்டடத்தின் டிபி பெட்டி, தெருமுனைப் பில்லர், பிறகு தடித்த கேபிள், கடைசியில் எக்ஸ்சேஞ்சின் பிரதான இணைப்புப் பலகையான எம்.டி.எஃப். இரு முனையும் ஒரே எக்ஸ்சேஞ்சுக்குள் அடங்கினால் அங்கே ஒரு ஜம்பர் கம்பி போட்டு ஜோடிகளைச் சேர்த்துவிடலாம். அடங்காவிட்டால் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவிலுள்ள வழியில் ஏற்ற வேண்டும். அடுத்த தெருவுக்குக் கேட்ட இணைப்பு நாலு கிலோமீட்டர் சுற்றி வருவது இதனால்தான்.

சோதிக்கும் முறை இரு நாட்டிலும் ஒன்றே. மறுமுனையில் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு, இந்த முனையில் மீட்டரை வைப்பார் லைன்மேன். அரை மில்லிமீட்டர் கம்பியில் போக வரக் கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம். மீட்டர் 700 காட்டினால் வழி நாலு கிலோமீட்டர். போன வாரம் 700, இன்று 900 என்றால் நடுவில் எங்கோ ஒரு ஜாயிண்ட் கெட்டிருக்கிறது.

எதனால் கெடுகிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. வடாலா உப்பளமும் சதுப்பும் சூழ்ந்த தாழ்நிலம். மும்பையில் கேபிள் பெரும்பாலும் மண்ணுக்குள். மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் ஜாயிண்டுக்குள் தண்ணீர் இறங்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த 2005 ஜூலை 26-ஐ மும்பைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்த லைன் உடனே சாகாது. பிழைகள் பெருகி, தரவைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். பழுதைப் பார்க்கச் சாலையைத் தோண்ட வேண்டும். மழைக்காலத்தில் மாநகராட்சியிடம் அந்த அனுமதி எளிதில் கிடைக்காது.

இலங்கையில் கடைசித் துண்டு பெரும்பாலும் கம்பத்தின் மேல் போகிறது. அறுந்தால் ஏணி போதும். அங்கே பகை இடி மின்னல். ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டிய இடைப்பருவ மழைக்காலங்களில் மின்னல் கம்பிவழி வந்து மோடத்தைக் கருக்கிவிடும். வீட்டுத் தொலைபேசி என்றால் இடி முழங்கும்போது பிடுங்கி வைக்கலாம். பண்டகசாலை நம்பியிருக்கும் இணைப்பைப் பிடுங்க முடியாது. ஆகவே அங்கே மோடத்தைவிட நல்ல எர்த்திங்கும் மின்னல் அரெஸ்டரும்தான் முக்கியம்.

அடுத்த வேறுபாடு உரிமையில். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்படி இந்தியாவில் கம்பி போடும் உரிமை அரசுக்கே இருந்தது. மும்பையில் 1986 முதல் அது அரசு நிறுவனமான எம்டிஎன்எல் கையில் இருந்தது. சாலையைத் தாண்டி நம் கேபிளை நாமே இழுத்துக்கொள்ள முடியவில்லை. 1994-இல் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை தரைக்கம்பியை நம்பாமல் தரகர்களை விசாட் ஆண்டெனா வழியே செயற்கைக்கோளில் இணைத்தது. அத்தனை பணம் இல்லாத வடாலா வியாபாரி செம்போடு காத்திருந்தார்.

இலங்கையில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் தொலைத்தொடர்புத் திணைக்களத்தை ஸ்ரீலங்கா டெலிகொம் என்ற கூட்டுத்தாபனமாக்கியது. தரவுச் சேவையில் லங்கா கொமியூனிகேஷன் போன்ற தனியாரும் வந்தார்கள். 1996-இல் சன்டெல், லங்கா பெல் இரண்டும் கம்பியில்லா இணைப்போடு இறங்கின. செம்பு மட்டும் டெலிகொம்மிடமே இருந்தது. அதன் 35 சதவீதப் பங்கை 1997-இல் ஜப்பானின் என்டிடி வாங்கியது. செம்பு சரியில்லை என்றால் கூரையில் ஆண்டெனா நிறுத்த ஆளைத் தேடும் வசதி கொழும்புக்காரருக்கு முன்னதாகவே வாய்த்தது. யாழ்ப்பாணத்துக்கு இது பொருந்தாது. போர் அந்த வசதிகளைத் தள்ளிப்போட்டது.

விலையில் இந்தியா ஒரு நல்ல காரியம் செய்தது. தூரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்பக் குத்தகை இணைப்புக்கு கட்டண உச்சவரம்பு வைத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2005-இல் அதைப் பெருமளவு குறைத்தது. 2014-இல் மீண்டும் திருத்தியது. வாடிக்கையாளர் அந்தக் கட்டணப் பட்டியலைக் காட்டிப் பேரம் பேச முடிந்தது. ஆனால் தண்ணீர் புகுந்த ஜாயிண்டைப் பட்டியல் சரிசெய்யாது. என் கணக்கில், மலிவான ஒற்றைக் கம்பியைவிட மாற்றுவழி உள்ள கம்பியே மேல். அந்த வகையில் கொழும்பின் வழிதான் சரி.

இப்போது இரு ஊரிலும் ஃபைபர் வந்துவிட்டது. மும்பையில் 2025 தொடக்கம் முதல் எம்டிஎன்எல் சேவையை பிஎஸ்என்எல் நடத்துகிறது. இருந்தாலும் கேள்வி பழையதுதான். இரண்டு கம்பெனியிடம் இரண்டு இணைப்பு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டும் ஒரே பள்ளத்தில் போகிறதா, ஒரே கட்டடத்தில் முடிகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரே பள்ளம் என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு பில், ஒரே இணைப்பு.