நேயர் உரையும் வரலாற்று மாந்தரும்: ‘ஜோதா அக்பர்’ தொடர் பற்றிய ஓர் ஆய்வு

இலக்கியம் தோன்றிய இடத்தில் உரையும் தோன்றும். கற்றோர் எழுதும் உரையே உரை எனக் கருதுதல் நம் வழக்கம். ஆயின், ஒரு கதையைக் கண்டார் அதன் மாந்தரைப் பற்றித் தம்முள் உசாவிக் கூறும் விளக்கங்களும் உரையின் தொடக்க நிலையே எனலாம். இக்காலத்தில் அத்தகைய உரைக்குப் பெரிதும் இடந்தருவது தொலைக்காட்சித் தொடராகும். இந்தி மொழியில் 2013ஆம் ஆண்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை 500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பாகிய ‘ஜோதா அக்பர்’ என்னும் வரலாற்றுக் காதல் தொடருக்கு நேயர்கள் கண்ட உரைத்திறத்தையும், அதன் நிறைகுறைகளையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கதையின் அமைப்பை நோக்குதல் வேண்டும். தமிழ் அகமரபு களவை முன்னும் கற்பைப் பின்னும் வைக்கும். இத்தொடரோ அதனைத் தலைகீழாக நிறுத்துகின்றது. அரசியல் காரணமாக மணம் முதலில் நிகழ்கின்றது. கணவனை வெறுக்கும் மனைவியின் நெஞ்சு காலம் கடந்தே நெகிழ்கின்றது. மணந்தபின் களவு என்று இதனைக் குறிப்பின் பிழையாகாது. ஆதலின், நேயர் உரையின் தலையாய வினா, ‘இருவரும் கூடுவரா?’ என்பதன்று, ‘நெஞ்சு மாறியது எப்பொழுது?’ என்பதே. வெகுளியில் தொடங்கி மருட்கையின் வழியே உவகையை அடையும் பெண்மனத்தை, சொல்லாத சொல்லினின்றும், திரும்பிய பார்வையினின்றும், தாழ்த்திய குரலினின்றும் அவர்கள் உய்த்துணர்கின்றனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்குத் தனி இயல் வகுத்ததன் பயனை இங்கே நாம் கண்கூடாகக் காண்கின்றோம்.

இவ்வுரைகளுள் சிறந்தவை மற்றொன்றையும் வற்புறுத்துகின்றன. அக்பரின் பேரழகோ பெருவலியோ ஜோதாவின் அன்பிற்குக் காரணமாதல் கூடாது. அவன் தன் கொடுமையை விட்டு, அவளுடைய சமயத்தையும் விருப்பத்தையும் மதிக்கக் கற்ற பின்னரே அவள் அன்பிற்கு உரியவனாவான் என்பது அவர்தம் கோட்பாடு. இது வெறும் காதற்சுவை அன்று. அறம் பற்றிய தீர்ப்பு ஆகும். வரலாற்றில் அம்மணத்தின் பின்னணியை நோக்குவார்க்கு இத்தீர்ப்பின் அருமை விளங்கும். ஆம்பேர் அரசன் பார்மல், மிர்சா சரபுத்தீன் என்னும் முகலாய அலுவலனால் நெருக்குண்டு, உறவினரைப் பிணையாக இழந்து நின்ற நிலையில், 1562ஆம் ஆண்டு தன் மகளை அக்பருக்கு மணஞ்செய்து தந்தான். அம்மகளின் விருப்பம் யாது என ஏடுகள் கூறவில்லை. ஏடுகள் விட்ட அவ்விடத்தைத் தொடர் நிரப்ப முயல்கின்றது. நேயர் உரை அம்முயற்சியை அளந்து பார்க்கின்றது. இஃது அதன் பெருஞ்சிறப்பு.

இனி, அதன் குறைகளைக் காண்போம். தலைவன் தலைவியிடத்து இத்துணை நுண்மை காட்டும் உரை, ஏனைய மாந்தரிடத்து அதனை இழந்துவிடுகின்றது. தொடரில் முதல் மனைவியாகிய ருக்கையாவும் செவிலித்தாயாகிய மாகம் அனகாவும் சூழ்ச்சியே வடிவானவர்களாகக் காட்டப்படுகின்றனர். நேயருட் பலர் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டனர். ருக்கையா அக்பரின் சிற்றப்பன் இந்தாலின் மகள், மகப்பேறு இல்லாதவர். 1592இல் பிறந்த குர்ரமை, பிற்காலத்துச் சாசகானை, வளர்த்தவர் அவரே. பெற்ற மகனினும் மிகுதியாக அவனை நேசித்தார் என்பதற்கு ஜகாங்கீரின் நினைவுக் குறிப்பே சான்று. மாகம் அனகாவோ, தன் மகன் அதம்கான் அக்பரின் ஆணையால் 1562இல் கொல்லப்பட, சில வாரங்களில் தானும் மாண்டாள். அவள் அதிகார வேட்கை உடையவளே. எனினும் அவள் முடிவில் அவலம் உண்டு. காதலர்க்கு இடையூறு என்னும் ஒரே அளவுகோலால் இவ்விருவரையும் அளப்பது, துணைமாந்தரை மாந்தராகவே கருதாத குற்றமாகும்.

அடுத்தது பெயர் பற்றிய வழக்கு. அபுல் பசலின் அக்பர் நாமா ஆம்பேர் இளவரசியின் இயற்பெயரைத் தரவில்லை. 1569இல் சலீமை ஈன்ற அவர் மரியம் உசு சமானி என்னும் பட்டத்தாலேயே அறியப்படுகின்றார். ஜோதா பாய் என்னும் பெயர் ஜகாங்கீரின் மனைவியாகிய மார்வார் இளவரசிக்கே பொருந்துவது என்பர் வரலாற்றறிஞர். 1960இல் வந்த ‘மொகலே ஆசம்’ திரைப்படம் அப்பெயரை அக்பரின் தேவிக்கு வழங்கி மக்கள் நெஞ்சில் நிறுத்தியது. 2008இல் வந்த திரைப்படத்தையும் பின்னர் இத்தொடரையும் இராசபுத்திர அமைப்புக்கள் சில எதிர்த்தமை யாவரும் அறிந்ததே. இங்கு நேயர் இரு பிரிவினராகின்றனர். ஒருசாரார், தொடரே வரலாறு என்பர். மறுசாரார், பெயரே பிழையாதலின் கதை முழுதும் பொய் என்று தள்ளுவர். இரண்டும் பொருந்தா. பெயர் பிழைபடினும் பெண் பொய்யாகாள். பெண் மெய்யாதல் பற்றிக் காதல் வரலாறாகிவிடாது.

ஈண்டு நம் கருத்து ஒன்றை நிறுவுதல் வேண்டும். மரியம் உசு சமானி ஆணையோலைகள் பிறப்பித்தவர். கடல் வாணிகம் நடத்தியவர். செங்கடல் நோக்கிச் சென்ற அவருடைய ‘ரகீமி’ என்னும் பெருங்கப்பலைப் போர்த்துக்கேசியர் 1613ஆம் ஆண்டு கைப்பற்றியது முகலாய அரசிற்கும் அவர்கட்கும் பெரும்பகையை விளைத்தது. அப்பொழுது அக்பர் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘காதலி’ என்னும் ஒரு சொல்லுள் இப்பெண்ணை அடக்க இயலுமா? கணவன் நெஞ்சை வென்றமையே அவர் பெருமை எனக் கூறும் உரை, அவரை உயர்த்துவதாக எண்ணிக் குறுக்கிவிடுகின்றது.

முல்லைப்பாட்டின் அடிகளை நச்சினார்க்கினியர் மாட்டு என்னும் முறையால் இடம்மாற்றிப் பொருள் கொண்டதனை மறைமலையடிகள் மறுத்தமை நாம் அறிவோம். தொலைவிலுள்ள காட்சிகளை இணைத்துத் தாம் விரும்பிய பொருளை நாட்டும் நேயரும் அந்நெறியினரே. அதுபற்றி அவர்தம் உரையை இகழ்தல் தகாது. உரையாசிரியரை ஆராய்வது போலவே அதனையும் ஆராய்தல் தகும். பெரும்பான்மை மக்கள் முகலாயர் காலத்தை இத்தகைய கதைகளின் வாயிலாகவே அறிகின்றனர். அக்கதைக்கு அவர்கள் காணும் உரையில், நூல் கூறுவது யாது, நாம் கூட்டியது யாது என்னும் வரம்பு புலப்படுமாயின், அது சுவையோடு அறிவையும் வளர்க்கும். புலப்படாதாயின், பெயரறியாத ஒரு பெண்ணை நாம் இரண்டாம் முறையும் இழந்தவராவோம்.