இழைக்கம்பியின் பாதிக் கணக்கு

துருப்பிடிக்காது, இரும்பில் கால் பங்கு எடை, இருமடங்கு வலிமை. கண்ணாடி இழைக்கம்பியை இந்த மூன்றையும் சொல்லித்தான் விற்கிறார்கள். 2023-இல் ஐ.எஸ். 18256 வெளிவந்ததும், ‘இந்தியத் தரமே வந்தாச்சே, இன்னும் என்ன தயக்கம்?’ என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. சாரல் பிடித்துவிட்டால் சுவர் காயாத செங்கோட்டை, குற்றாலம் பக்கம் துரு என்று சொன்னாலே வீடு கட்டுகிறவர் காது கொடுப்பார்.

துருவாது என்பதும் எடை குறைவு என்பதும் உண்மை. கடலோரச் சுவர், எம்.ஆர்.ஐ. அறை, மெட்ரோ சுரங்க எந்திரம் அறுத்துக்கொண்டு போகவேண்டிய நிலையச் சுவர் ஆகிய இடங்களில் இழைக்கம்பி அருமையான பொருள். வலிமையும் பொய்யில்லை. டி.எம்.டி. 500 ரகக் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டனில் இளகத் தொடங்கும். நல்ல இழைக்கம்பி 1,000 வரை தாங்கும்.

ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து வீட்டுக்குக் கம்பி விற்பது தவறு. தளமும் உத்தரமும் தொய்யாமல், விரிசல் விடாமல் நிற்க வேண்டுமானால் கம்பிக்கு விறைப்பு வேண்டும். இரும்பின் மீட்சிக் குணகம் 200 ஜிகாபாஸ்கல். இழைக்கம்பிக்குச் சுமார் 50தான். ஒரே தடிமன், ஒரே சுமை என்றால் இழைக்கம்பி நான்கு மடங்கு நீளும்.

‘12 எம்.எம். இரும்புக்கு 8 எம்.எம். இழைக்கம்பி போதும்’ என்கிறார்களே, அதைப் போட்டுப் பார்ப்போம். 12 எம்.எம். கம்பியின் குறுக்குப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர், 8 எம்.எம்.முக்கு 50. பரப்பிலும் குறைவு, குணகத்திலும் குறைவு. இரண்டையும் பெருக்கினால் விறைப்பு ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. அன்றாடச் சுமையில் இரும்பு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் தகைவில் இருக்கிறது என்றால், அதே இழுப்பை ஏற்கும் மெல்லிய இழைக்கம்பி 560-ஐத் தாண்டும். அதாவது அதன் உச்ச வலிமையில் பாதிக்கு மேல். கண்ணாடி இழை நெடுங்காலப் பளுவில் தானாகவே அறுந்துபோகும் இயல்புடையது என்பதால், நிலையான சுமையை உச்ச வலிமையில் 30 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது அமெரிக்காவின் 2022 விதித்தொகுப்பு. வீட்டுத் தளத்தில் பெரும்பங்குச் சுமை அதன் சொந்த எடை. அது ஒருநாளும் இறங்காது.

இரும்பு முறிவதற்கு முன் இளகும், தளம் தொங்கும், வீட்டார் வெளியே ஓட நேரம் கிடைக்கும். இழைக்கம்பி இளகாது, எல்லை வந்ததும் சட்டென்று அறும். போதாததற்கு, இழைக்கம்பியைக் கட்டுமான இடத்தில் வைத்து வளைக்க முடியாது. கம்பி கட்டுகிறவர் சாவியால் ரிங் மடக்கும் வேலை இதில் நடக்காது; ஆலையிலேயே வளைத்து வரவேண்டும், அந்த வளைவிலும் வலிமை வெகுவாகக் குறையும்.

தர எண்ணைக் காட்டி வாதிடுவதும் எடுபடாது. ஐ.எஸ். 18256 சொல்வது கம்பி எப்படி இருக்கவேண்டும் என்பதை. உத்தரத்தை எப்படி வடிவமைப்பது என்பதை அல்ல. அதற்கு நாம் கைக்கொள்ளும் ஐ.எஸ். 456 இரும்பை வைத்தே எழுதப்பட்டது.

துருவுக்கு என்ன வழி என்றால், நம் பக்கத்துத் துரு பெரும்பாலும் கைவேலையின் குற்றம். கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுப்பது, கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்றுவது, மழைதான் பெய்கிறதே என்று நீராற்றாமல் விடுவது. இவற்றைத் திருத்தினால் சாரலுக்கு இரும்பே போதும். உப்புக்காற்றின் நடுவே 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கும் துருவேறா எஃகுக் கம்பியைத்தான் போட்டார்கள்.

காம்பவுண்டுச் சுவருக்கும் முற்றத்துத் தரைக்கும் இழைக்கம்பி போடுங்கள், தடையில்லை. தளம், உத்தரம், சன்ஷேடு என்றால் வேண்டாம். கட்டாயம் போட்டே ஆகவேண்டும் என்பவர்கள், தொய்வையும் விரிசலையும் கணக்கிட்டு ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை வாங்காமல் ஒரு கம்பியும் இறக்காதீர்கள்.