நீலக்குடையும் தவப்பூனையும்

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையிலே, பூனையொன்று பின்னங்கால்களில் நின்று தவம் புரிகின்றது; எலிகள் அதனைத் தொழுகின்றன. அதன் வஞ்சகத்தைக் காணும் சிறுவர் நகைக்கின்றனர். சித்திரம் ஒரு கணத்தையே காட்டுகின்றது. பின் நிகழ்வதைக் குழந்தையின் உள்ளமே நிரப்புகின்றது. சிறுவர் சித்திர நூலை நடிகர்களைக் கொண்டு திரைப்படமாக்குவோரோ அவ்விடைவெளியைத் தாமே நிரப்ப வேண்டியவராகின்றனர். எதனால் நிரப்புகின்றனர் என்பதே நம் வினா.

டாக்டர் சூஸ் 1957இல் வெளியிட்ட தொப்பிப் பூனைக் கதையை 2003இல் படமாக்கியோர் ஆரவாரத்தால் நிரப்பினர். அதன்பின், நடிகர்களைக் கொண்டு எடுக்கும் படங்களுக்குச் சூஸின் துணைவியார் இசைவு மறுத்தார்.

ரஸ்கின் பாண்டின் 'நீலக்குடை' ஓவியங்களுடன் சிறுவர் படிக்கும் குறுநூல். அதில் சிறுமி பின்யாவின் குடைமீது கடைக்காரர் ஆசைகொள்கிறார். அவரிடம் வேலைசெய்யும் சிறுவனின் திருட்டு முயற்சியோ தோற்கிறது. விஷால் பரத்வாஜ் 2005இல் உருவாக்கிய இந்திப் படத்தில் குடை மெய்யாகவே களவுபோகின்றது. சிவப்புச் சாயமேற்றப்பட்டுக் கடைக்காரருக்கு மதிப்பும் தேடித் தருகின்றது. சாயம் வெளுத்ததும் ஊர் அவரை ஒதுக்குகின்றது. பனிக்காலத் தனிமையில் அவர் படும் வெட்கத்தைப் படம் பொறுமையோடு காட்டுகின்றது. இறுதியில் பின்யா குடையை அவரிடமே விட்டுச் செல்கிறாள்.

பங்கஜ் கபூரின் ஆற்றல்மிக்க நடிப்பு, குழந்தையைக் கதையின் ஓரத்திற்குத் தள்ளிவிடுகின்றது, இது குறையே. ஆயினும் குற்றத்தைப் பெரிதாக்கியதால் மன்னிப்பின் விலையையும் படம் உணர்த்துகின்றது. நூலில் குழந்தையின் ஈகையாக நிற்பது, படத்தில் விலக்கப்பட்டவனை மீண்டும் ஊரோடு சேர்க்கும் செயலாகின்றது. வேடதாரியைக் கண்டு நகைக்கச் சிறுவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. சாயம் வெளுத்தபின் அவனை என்செய்வது என்பதே கற்பிக்கத்தக்கது.