ஓநாய்கள் நகரத்தில் நுழைந்த இரவு

பல வருஷங்கள் நெஞ்சில் வைத்துப் போற்றிய ஒரு சங்கீதக் குழு, திடீரென்று ஒருநாள் கிட்டார்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மின்னணு இயந்திரங்களின் முன்னால் போய் அமர்ந்துகொள்ளும்போது ரஸிகனுக்கு உண்டாகும் துயரம் அற்பமானதன்று. 'பழைய பாணியையே கட்டிக்கொண்டு அழுகிறான்' என்று அவனைப் பரிகசிக்கிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. நார்வே தேசத்து உல்வெர் குழுவின் விஷயத்தில் அந்தத் துயரத்தை நானே குறைவின்றி அனுபவித்தவன். அவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பெர்டிஷன் சிட்டி' என்ற இசைத்தட்டை முதல்முறை கேட்டபோது, ஆரம்பத்திலேயே குழைந்து வரும் சாக்ஸபோன் ஒலியைத் தாங்கமாட்டாமல், பாதியில் நிறுத்தி அலமாரியில் வைத்துவிட்டேன். பின்னால் அதை எப்படிக் கேட்கக் கற்றுக்கொண்டேன் என்பதையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

உல்வெர் என்ற நார்வேஜியச் சொல்லுக்கு ஓநாய்கள் என்று பொருள். அந்தப் பெயருக்கேற்ப, அவர்களுடைய முதல் மூன்று இசைத்தட்டுகளும் காட்டையும் இரவையும் விட்டு வெளியே வராதவை. 1995-இல் வந்த 'பேர்க்தாத்', மலைக்குள் மாயசக்திகளால் கவர்ந்து செல்லப்படும் ஒரு கன்னியின் கதையை, புராதனமான மொழிநடையில் ஐந்து அத்தியாயங்களாகச் சொல்வது. அடுத்த ஆண்டில் வந்ததோ டிரம்ஸ் முழக்கமும் இரைச்சலும் அறவே இல்லாமல், சாதாரணக் கிட்டாரும் கூட்டுக் குரல்களுமாக அமைந்த அந்திப் பாடல்கள். 1997-இல் வந்த 'நாட்டென்ஸ் மாட்ரிகல்', ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றிய எட்டுக் கீதங்களை, காதைக் கீறும் கொடூரமான ஒலிப்பதிவில் வேண்டுமென்றே அடைத்துத் தந்தது. பிளாக் மெட்டல் என்ற சங்கீத வகையின் உச்சங்களுள் இந்த மூன்றையும் சேர்ப்பவர் பலர். அவர்களுள் நானும் ஒருவன். இவ்வளவு உயரத்தில் நின்றவர்கள் அடுத்த வருஷமே, தோரே இல்விசாகர் என்ற மின்னணு வித்தகரைச் சேர்த்துக்கொண்டு, ஆங்கிலக் கவி வில்லியம் பிளேக்கின் நூலொன்றை முழுமையாக இரண்டு தட்டுகளில் இசையாக்கி வெளியிட்டார்கள். அதில் ஆர்வம் மிகுதி, அமைதி குறைவு. சொற்களின் பாரத்தால் இசை திணறுகிறது. அந்தத் தட்டில் ஏமாற்றமடைந்தவர்களை ரஸனையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதை இரண்டாம் முறை முயன்று பார்க்கும்படி யாரையும் வற்புறுத்தவும் மாட்டேன்.

'பெர்டிஷன் சிட்டி'யின் சங்கதி வேறு. இருளில், ஹெட்போன் அணிந்து கேட்கும்படி அதன் உறையிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அலங்காரத்துக்காக எழுதியதென்று அதைத் தள்ளிவிடாமல், அப்படியே அனுஷ்டிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், வேறு காரியம் பார்த்துக்கொண்டே கேட்கிறவனுக்கு இந்தத் தட்டு எதையும் கொடுப்பதில்லை. கிட்டாரின் ஆவேசமோ கேட்கிறவனைத் தானே வந்து பற்றிக்கொள்ளும், ஆனால் இங்கே நாம்தான் போய் ஒலியின் அருகில் உட்கார வேண்டியிருக்கிறது. வீட்டிலுள்ளவர்கள் உறங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மெட்டல் இசையில் பழகிய செவி, முதலில் வேகத்தைத் தேடும், கிடைக்காதபோது சோர்ந்துவிடும். ஆகையால் முதல் பாடலில் தொடங்காமல், ஐந்தாவதாக உள்ள 'தி ஃப்யூச்சர் சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்பதிலிருந்து பிரவேசிப்பதே நலமென்பது என் அபிப்பிராயம். பியானோவின் சில ஸ்வரங்கள் தயங்கித் தயங்கி விழ, அவற்றுக்கு இடையிலுள்ள வெறுமை மெல்ல மெல்லக் கனத்து, கடைசியில் தாளமும் இரைச்சலும் பெருவெள்ளமாகப் பொங்கி வரும்போது, நாம் தொலைத்துவிட்டதாக நினைத்த அதே சீற்றம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்து நிற்பதை உணரலாம். ஒரு ஸ்வரம் பிறக்கும் கணத்தை விட்டுவிட்டு, அது தேய்ந்து மறையும் கணத்தைக் கவனிப்பதே இங்கே செவிக்கு வேண்டிய புதுப் பயிற்சி. இன்னொன்று, அடியிலுள்ள கனத்த நாதம். 'நாட்டென்ஸ் மாட்ரிகல்' முழுவதும் மேல்ஸ்தாயியின் கூர்மையாலேயே ஆனது. கீழே தரையே இல்லாதது போலிருக்கும். இந்தத் தட்டில் அந்தத் தரை கிடைக்கிறது. இரண்டையும் ஒரே இரவில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், அங்கே இல்லாததெல்லாம் இங்கே இருப்பதும், இங்கே இல்லாததெல்லாம் அங்கே இருப்பதும் புலப்படும்.

பிறகு மீண்டும் 'பேர்க்தாத்'துக்குப் போக வேண்டும். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் வாத்தியங்களின் ஆரவாரம் அடங்கி, காட்டுக்குள் யாரோ ஓடுகிற காலடியோசை கேட்கிறதல்லவா? அதை நாங்களெல்லாம் கதைக்காகச் சேர்த்த வேடிக்கையென்றே வெகுநாள் எண்ணியிருந்தோம். பாட்டுக்கு நடுவே ஓர் இடத்தின் அரவத்தைக் கொண்டுவந்து வைத்து, கேட்பவனை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும் உபாயம் அது. 'பெர்டிஷன் சிட்டி' செய்வதும் அதையேதான். காடு போய்த் தெரு வந்திருக்கிறது, ஓடியவள் போய், உறக்கம் பிடிக்காமல் ஜன்னலோரம் நிற்கும் ஒருவன் வந்திருக்கிறான். மனக்கண்ணுக்குள் ஓடும் சினிமாவுக்கான சங்கீதம் என்ற கருத்தில் அவர்களே அதற்கு உபதலைப்பு இட்டிருக்கிறார்கள். பழைய கன்னியின் கதையும் அப்படியொரு சினிமா அல்லாமல் வேறென்ன?

இவ்வளவும் செய்த பின்னும் தட்டின் நடுவே சில இடங்கள் எனக்கு இன்றும் சாரமற்றே ஒலிக்கின்றன. பேச்சுக்குரல்கள் நீளும்போது பொறுமை நழுவுகிறது. 'பேர்க்தாத்'தைப் போல மற்றொன்றை அவர்கள் தரவேயில்லை என்ற வருத்தமும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் கடைசிப் பாடலான 'நோவேர், கடாஸ்ட்ரஃபி'க்காகக் காத்திருக்கிறேன். அதுவரை இயந்திரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒதுங்கியிருந்த பாடகர் கிறிஸ்டோஃபர் ரிக்கின் சாரீரம் அங்கேதான் முன்னே வந்து, மனம்விட்டுப் பாடுகிறது. அது முடிந்ததும் இருட்டிலேயே கை நீட்டி, 1995-ஆம் ஆண்டுத் தட்டின் முதல் அத்தியாயத்தை வைக்கிறேன். கிட்டார்களின் மூடுபனிக்குள்ளிருந்து அதே குரல், ஐந்து வருஷம் இளையதாக, எழும்பி வருகிறது.